தரகர் இல்லாத தூது

‘சந்தேசா’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கீழ் வெளிவந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற செய்தி வழியில் தொலையாமல், ஒழுங்கு மாறாமல், ஒரே ஒரு தரம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. எங்கேயோ ஐரோப்பாவில் ஒருத்தர் அதைத் தன் கம்பனிக்கு இறக்கிப் பொருத்தும்போது இது என்ன மொழிப் பெயர் என்று யோசித்திருப்பாரோ தெரியாது. அது சிங்களம். தொடங்கி எழுதினவர்கள் இலங்கையர்கள். அதன் கூடப்பிறந்த மென்பொருள்களுக்கும் இதே மாதிரித்தான் பெயர். இரகசியம் காக்கிறதுக்கு ‘ரஹஸ்’. பல கணினிகளில் நடக்கிற கொடுக்கல் வாங்கலை ஒன்றாக முடித்துவைக்கிறதுக்கு ‘கந்துல’. கந்துல யாரென்று கேட்டால், எல்லாளன் கதையில் துட்டகைமுனு ஏறி வந்த யானை. ஒரு யானையை மென்பொருளாக்கி அப்பாச்சிக்கு அனுப்பிவிட்டார்கள், எங்களுக்கே தெரியாமல்.

நான் கலைப்பீடம். இந்தப் பக்கத்தில் எழுதுகிற மற்ற ஆக்கள் சினிமாவும் நாவலும் எழுதும்போது நான் ஏன் மென்பொருள் வரலாற்றுக்கு வந்தேன் என்றால், அந்தப் பெயரால்தான். சந்தேசம் என்பது சிங்களத்தில் ஒரு இலக்கிய வகை. 15ஆம் நூற்றாண்டில் தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் ‘செலலிஹினி சந்தேசய’ எழுதினார். கோட்டையிலிருந்து களனியில் இருக்கும் விபீஷண தெய்வத்துக்கு ஒரு பறவை தூது போகிறது. எங்கட பக்கம் தூது இலக்கியம் என்று படிக்கிறோமே, அதே குடும்பம். 1930இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த ‘தமிழ்விடு தூது’ பாடத்திட்டத்தில் வந்து எல்லாரையும் ஒருக்கா வாட்டியிருக்கும்.

இந்தத் தூதுகளில் ஒரு விசயத்தைக் கவனியுங்க. புலவர் வழியைச் சொல்லிக்கொண்டே போவார். இந்த ஆறு வரும், அந்தக் கோயில் வரும், இங்கே இளைப்பாறு, அங்கால திரும்பு. படிக்கிற காலத்தில் ‘விசயத்துக்கு வாங்களேன்’ என்றுதான் இருக்கும். ஆனால் அந்த வழிச்சொல்லல் வெறும் அலங்காரமாக எனக்கு இப்போது தெரியவில்லை. நடுவில் தபாற்கந்தோர் இல்லை. வாங்கி வைத்து, பிரித்து, அடுத்த ஆளிடம் குடுக்க ஒருவரும் இல்லை. ஆகவே போகிற பறவைக்கே முழு வழியும் தெரிந்திருக்கவேணும். நடுவில் ஆள் இல்லாத தூதுக்கு இதுதான் முதல் விலை: முகவரியை நீயே சுமக்கவேணும்.

கணினி உலகத்தில் இந்த நடு ஆளுக்குத் தரகர் என்றுதான் பெயர். எங்கட பக்கத்து உதாரணம் ஒன்று சொன்னால் லேசாக விளங்கும். படுவான்கரையில் வயல் கிடக்கிற போடியார் எழுவான்கரையில் இருப்பார். எந்த வயலில் எத்தனை பேர், விதைப்பு எப்போது, யாருக்கு என்ன கூலி என்று எல்லாம் அவர் நேரே போய்ச் சொல்வதில்லை. முல்லைக்காரனிடம் சொல்வார். முல்லைக்காரன் அதை மனதில் வைத்திருந்து, வேலையாள் வரும்போது சொல்வான். வேலையாள் இரண்டு நாள் வராவிட்டாலும் சொல்லு தொலையாது. போடியாருக்கு எல்லா வேலையாளின் பெயரும் தெரியவேண்டியதில்லை. முல்லைக்காரன் ஒருத்தனைத் தெரிந்தால் போதும். வசதிதான். ஆனால் முல்லைக்காரன் காய்ச்சலில் படுத்தால் எல்லா வயலும் நிற்கும். அவனுக்கு எல்லாருடைய விசயமும் தெரியும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் பயணம் போகிறது, ஒருக்கா அவனிடம், மறுகா அவனிடமிருந்து. இந்த மூன்றையும் வைத்துத்தான் கணினிக்காரர்களின் முழுச் சண்டையும்.

சண்டை ஒரு வங்கியில் தொடங்குகிறது. 2003இல் ஜே.பி.மோர்கன் சேஸ் வங்கியில் இருந்த ஜோன் ஓஹாரா, வங்கியின் நூற்றுக்கணக்கான மென்பொருள்கள் தங்களுக்குள் செய்தி பரிமாற ஒரு பொதுவான, யாருக்கும் சொந்தமில்லாத முறை வேணும் என்று ஏ.எம்.கியூ.பி. என்ற நெறிமுறையைத் தொடக்கினார். அதுவரை அந்தத் தரகர் வேலையைப் பெரிய கம்பனிகளின் விலைகூடிய மென்பொருள்களே செய்தன. இந்த நெறிமுறையை எழுதவும், அதற்கொரு தரகர் மென்பொருள் செய்யவும் பிடிக்கப்பட்டது ஐமாட்டிக்ஸ் என்ற சின்னக் கம்பனி. அதை நடத்தினவர் பெல்ஜியத்தில் இருந்த பீட்டர் ஹின்ட்ஜென்ஸ்.

அவர் ஒரு விசித்திரமான ஆள். நெறிமுறையைத் தானே எழுதிவிட்டு, 2008இல் அதில் என்ன பிழை என்று தானே நீண்ட கட்டுரை எழுதினார். குழுவில் கம்பனிகள் சேரச் சேர அது வீங்கிப்போனது என்பது அவர் குற்றச்சாட்டு. அதற்கு ஒரு வருசம் முன்னமே, 2007இல், ஸ்லோவாக்கியரான மார்ட்டின் சுஸ்ட்ரிக்கோடு சேர்ந்து வேறொன்று தொடங்கியாகிவிட்டது. பெயர் ஸீரோஎம்கியூ. அந்த ஸீரோவுக்குப் பல விளக்கம் சொல்வார்கள். முதல் விளக்கம், தரகர் பூச்சியம்.

அதில் தனியாக ஓடுகிற சேர்வர் ஒன்றும் இல்லை. உங்கள் நிரலோடு சேர்த்துக் கட்டுகிற ஒரு லைப்ரரி, அவ்வளவுதான். ஒரு சொக்கெட் திறக்கிறீங்க, அது எந்த வகை என்று சொல்லுறீங்க, ஒரு பக்கம் காத்திருக்கிறது, மற்றப் பக்கம் வந்து இணைகிறது. வகைகளில்தான் சூட்சுமம். கேள்வி–பதில் என்று ஒரு வகை: கேட்டவர் பதில் வரும்வரை அடுத்ததைக் கேட்கமுடியாது. அறிவிப்பு–கேட்போர் என்று ஒன்று: பறை அடித்துச் சொல்லுகிற மாதிரி, கேட்கிறவர் கேட்கலாம், வீட்டில் இல்லாதவருக்கு அது போனதுதான். வேலையைப் பங்கிடும் வகை ஒன்று: பத்துப் பேர் வரிசையில் நின்றால் கூடை கூடையாக ஒவ்வொருத்தரிடமும் போகும். தொடர்பு அறுந்தால் திரும்பப் பிடிப்பது, வேகமாக அனுப்பினால் வரிசையில் சேர்த்து வைப்பது, இதெல்லாம் உள்ளுக்குள் தானே நடக்கும். எந்தப் பக்கத்தை முதலில் ஓடவிட்டாலும் பரவாயில்லை. தரகரின் வேலை மறையவில்லை, சின்னச் சின்னத் துண்டாக இரண்டு முனைகளுக்கும் பிரித்துக் குடுக்கப்பட்டது.

இதே வருசங்களில் இலங்கையில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குக் கூடச் சுவாரசியம். 2003இல் லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேசன் தொடங்கியது. ஐ.பி.எம். ஆராய்ச்சியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த சஞ்சீவ வீரவரண அதற்குப் பின்னால் இருந்தார். இலங்கையிலிருந்து உலகத்துக்கு மென்பொருள் எழுதலாம், அதுவும் திறந்த மூலத்தில் எழுதலாம் என்பது நோக்கம்.

மறுகா 2004 டிசம்பர் 26.

சுமாத்ராவில் நிலம் அதிர்ந்தது எங்கட நேரம் காலை ஏழு மணிக்குச் சற்று முன். கால் மணித்தியாலத்தில் ஹவாயில் இருக்கும் பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அறிவித்தல் விட்டுவிட்டது. பசுபிக் நாடுகளுக்கு. இந்து சமுத்திரத்தில் அந்தப் பறைக்குக் கேட்போராகப் பதிந்தவர் ஒருவரும் இல்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துக் கடல் கிழக்குக் கரையில் ஏறியது. நாவலடி, கல்லடி, டச்பார், தெற்கே கல்முனை, மருதமுனை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நாடா மாதிரிக் கிடக்கும் மணல்திட்டில் இருந்தவர்களுக்கு ஓடுவதற்கு ஒரு பக்கமும் இல்லை. அந்த நாளைப் பற்றி இங்கே எழுத எனக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல ஆள் இருக்கிறது. நான் சொல்ல வந்தது செய்தியின் கதை மட்டும்.

கிழக்கில் கடல் வந்துவிட்டது. அந்த நேரம் தெற்கே மாத்தறைக்குப் போகிற சமுத்திரதேவி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. மருதானையில் ரயில்களைக் கட்டுப்படுத்தும் அறைக்குத் தகவல் வந்து, கரையோரப் பாதையில் ஓடின வேறு ரயில்களை நிற்பாட்டினார்கள். இந்த ரயிலை அம்பலாங்கொடையில் நிற்பாட்ட முயன்றார்கள். தொலைபேசி அடித்தது. நிலையத்தில் இருந்தவர்கள் எல்லாரும் மேடையில் அந்த ரயிலின் வேலையில் நின்றார்கள். ரயில் போன பிறகுதான் எடுக்க ஆள் வந்தது. பெரலியவில் 1,700க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

இந்த ஒரு அழைப்பைப் பற்றி நான் கனகாலம் யோசித்திருக்கிறேன். அனுப்பினவர் அனுப்பினார். கம்பி வேலை செய்தது. மணி அடித்தது. செய்தி போனதா? மென்பொருள்காரர் இதற்குச் சொல்லும் பதில் கடுமையானது: மறுபக்கத்தில் இருந்து ‘கிடைத்தது’ என்று ஒரு சொல் வரும்வரை செய்தி போகவில்லை. அந்தச் சொல் வராவிட்டால் என்ன செய்யவேணும் என்று முதலே முடிவெடுத்திருக்கவேணும். திரும்ப அடிப்பதா, எத்தனை செக்கன் பார்த்து, அடுத்த நிலையத்துக்குத் தாவுவதா? தரகர் இருந்தாலும் இங்கே உதவியிருக்காது. செய்தியைப் பத்திரமாக வாங்கி வைத்து, ரயில் போன பிறகு பத்திரமாகக் குடுத்திருப்பார்.

சுனாமி வந்து சில நாட்களிலேயே இலங்கைக் கணினித் தொண்டர்கள் ‘சஹானா’ எழுதத் தொடங்கினார்கள். காணாமல்போனவர்கள், முகாம்கள், நிவாரணம் வழங்கும் அமைப்புகள், இவற்றைப் பதியும் மென்பொருள். பிறகு 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2010 ஹெயிட்டிக்கும் அது போனது. 2006க்கான சமூகப்பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்குக் குடுத்தது. சஹானா என்றால் நிவாரணம். சஹானாவைக் கேள்விப்பட்ட ஆக்கள் கொஞ்சம் இருக்கலாம். சந்தேசாவை ஒருவரும் கேள்விப்பட்டிருக்கமாட்டீங்க, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத அடித்தள வேலை.

2005இல் வீரவரணவும் போல் ஃப்ரீமன்டிலும் மற்றவர்களும் டபிள்யூ.எஸ்.ஓ.டூ. கம்பனியைத் தொடங்கினார்கள். அந்த வட்டத்தில் இருந்தவர்கள் அப்பாச்சியில் ‘அக்சிஸ்2’ எழுதினார்கள்; ஜாவாவில் ஒன்று, சி மொழியில் தனியாக ஒன்று. சி மொழிப் பதிப்பின் 1.0 2007இல் வந்தது. சி ஏன்? இயந்திரத்துக்குக் கிட்ட நிற்கிற மொழி. அதில் ஒருக்கா எழுதினால் பி.எச்.பி. போன்ற வேறு மொழிகளை அதன் மேல் ஏற்றலாம். அதற்குச் செய்தி உறுதியைக் குடுப்பதுதான் சந்தேசா. அதிலும் சி பதிப்பு உண்டு. அது பின்பற்றின நெறிமுறை 2003இல் ஐ.பி.எம்., மைக்ரோசொஃப்ட், பீ.ஈ.ஏ., டிப்கோ நான்கு கம்பனிகளும் சேர்ந்து எழுதினது. அதைப் பொதுத் தரமாக்கின குழுவின் இணைத்தலைவர்களில் ஒருவர் இந்த ஃப்ரீமன்டில்தான், 2007இல் தரமானது.

அதன் வடிவத்தைப் பாருங்க. அனுப்புகிற முனை ஒவ்வொரு செய்திக்கும் இலக்கம் போடும். வாங்குகிற முனை ‘1இலிருந்து 3 வரை வந்தது, 5 வந்தது’ என்று திருப்பிச் சொல்லும். 4 இல்லை என்று அனுப்பினவருக்கு விளங்கும், திரும்ப அனுப்பும். 4 பிறகு இரண்டு தரம் வந்தால் வாங்கினவர் ஒன்றைத் தள்ளிவிடுவார். நடுவில் ஒருவரும் இல்லை! ஸீரோஎம்கியூக்காரர் தரகரைத் துரத்திக்கொண்டிருந்த அதே காலத்தில் எங்கட தீவில் தரகர் இல்லாத தூது ஒன்று, அவர்களுடையதை விடக் கூடின உறுதியோடு, எழுதப்பட்டது. இதை எந்த வரலாற்றிலும் சேர்த்து எழுதியிருக்க நான் காணவில்லை. ஆனால் ஒன்றையும் ஒத்துக்கொள்ளவேணும், சந்தேசா மெல்லிய சாமான் இல்லை. எக்ஸ்எம்எல் உறை, உறைக்குள் தலைப்பு, தலைப்புக்குள் இன்னொரு உறை. ‘வா’ என்று சொல்ல ஒரு கலியாணக் காட் அச்சடித்த மாதிரி. உலகம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் வேறு பக்கம் போய்விட்டது. அக்சிஸ்2 சி பதிப்பின் 1.6.0, 2009இல் வந்தது.

மெல்லிய பக்கம் எப்படிப் போனது? 2012இல் சுஸ்ட்ரிக் ஒரு கட்டுரை எழுதினார், ஸீரோஎம்கியூவை சி பிளஸ் பிளஸில் எழுதினது தவறு, சியில் எழுதியிருக்கவேணும் என்று. ஐந்து வருச வேலையை உலகமே பாவிக்கும்போது இப்படி எழுத மனம் வேணும். அவருடைய காரணம் இது. சி பிளஸ் பிளஸில் பிழை ஒன்று நடந்தால் அது ‘எறியப்படும்’; எங்கேயோ வேறு இடத்தில் பிடிக்கப்படும். சாதாரண நிரலுக்கு அது வசதி. ஒருநாளும் விழக்கூடாத அடித்தளத்துக்கு, பிழை நடந்த இடத்திலேயே அதைக் கையாளவேணும். எறிந்த பந்து எங்கே விழும் என்று தேடமுடியாது. பெயருரிமைப் பிரச்சினையில் அவர் அந்த வருசம் ஸீரோஎம்கியூவிலிருந்து பிரிந்து கடைசியில் நானோமெசேஜ் என்று புதிதாக சியில் எழுதினார். அதைப் பிறகு ஏற்று நடத்தின கரெட் டமோர், மீண்டும் முழுக்கத் திருத்தி என்என்ஜி என்று எழுதினார். அடுத்த தலைமுறை நானோமெசேஜ் என்பதன் சுருக்கம். ஹின்ட்ஜென்ஸ் 2016 ஒக்டோபரில் புற்றுநோயில் இறந்தார். சாகப்போகிறவரோடு எப்படிக் கதைக்கவேணும், எதைக் கதைக்கக்கூடாது என்று சாவதற்குச் சில மாதம் முன் ஒரு கட்டுரை எழுதினார். நெறிமுறை எழுதுகிற மனிசன், அதற்கும் நெறிமுறை என்றே பெயர் வைத்தார். இந்த முழு வரலாற்றிலும் எனக்குப் பிடித்த எழுத்து அதுதான்.

நானோமெசேஜில் வந்த புது வகைகளில் ஒன்று கருத்துக்கேட்பு. ஒருவர் எல்லாரிடமும் கேட்கிறார், பதில் சொல்ல ஒரு காலவரை உண்டு. ஒன்றும் மாற்றாவிட்டால் அது ஒரு செக்கன். அதற்குள் வந்த பதில் பதில்; பிந்தினால் எடுபடாது. ‘யாரெல்லாம் உயிரோடு இருக்கிறீங்க?’ என்று கேட்க இதைவிட நேரான வழி இல்லை. கேள்வி–பதில் வகையிலும் ஒரு திருத்தம்: ஒரு நிமிசத்துக்குள் பதில் வராவிட்டால் லைப்ரரி தானே திரும்பக் கேட்கும். அம்பலாங்கொடைக்கு ஒரு நிமிசம் கூடவா குறைவா என்று நான் கணக்குப் பார்க்கப் போவதில்லை. ஆனால் திரும்பக் கேட்பது மனிசரின் ஞாபகத்தில் தங்கியிருக்கக்கூடாது என்று யாரோ முடிவெடுத்து, அந்த 60 செக்கனை நிரலுக்குள் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது புதுப் பொடியன்கள் இதை ரஸ்ட் மொழியிலிருந்து பாவிக்கிறார்கள். 2015 மே மாதம் 1.0 வந்த மொழி. விஞ்ஞானபீடத்தில் படிக்கிற சினேகிதன் ஒருத்தன் ஒரு பின்னேரம் எனக்குக் காட்டினான். நிரல் பாதி விளங்கவில்லை, ஒரு இடம் மட்டும் பிடிபட்டது. என்என்ஜியில் செய்தியை அனுப்பினால் அது லைப்ரரிக்குச் சொந்தம். அனுப்பின பிறகு நீங்க அதைத் தொடக்கூடாது. அனுப்புவது தோற்றால் மட்டும் அது உங்களுக்கே சொந்தம், அழிக்கிறதும் உங்கள் பாடு. சி மொழியில் இந்த விதி கையேட்டில் மட்டும் கிடக்கும். மறந்துபோய்த் தொட்டால் நிரல் நடுச்சாமத்தில் விழும். ரஸ்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நேரத்தில் ஒரே உரிமையாளர். அனுப்பின பிறகு செய்தியைத் தொட்டு எழுதினால் மொழிமாற்றி அந்த இடத்திலேயே மறுத்துவிடும். அனுப்பல் தோற்றால், பிழை என்ன என்பதோடு செய்தியும் சேர்ந்து உங்கள் கைக்குத் திரும்பி வரும். தபாற்காரர் பிரிக்காத கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து தருகிற மாதிரி. இந்தச் சண்டை முழுக்க மொழியைப் பற்றியா என்றுகூட எனக்கு அப்போது தோன்றினது.

எல்லாம் சரி, தரகர் இல்லாவிட்டால் நல்லதா? நான் ஆம் என்று சொல்லமாட்டேன். மண்முனையில் 2014இல் பாலம் வரும்வரைக்கும் துறைதான். படகு அக்கரையில் நின்றால் நீங்க இக்கரையில் நிற்கவேணும். உங்கள் நெல் மூட்டையை வாங்கிவைத்துப் பிறகு அனுப்ப அங்கே ஒருவரும் இல்லை. தரகரில்லா லைப்ரரியும் அப்படித்தான். அனுப்பின நிரல் விழுந்தால், வரிசையில் நின்ற செய்திகளும் அதோடு போகும். கேட்போர் பிந்தி வந்தால் முன்னம் சொன்னது அவருக்கு இல்லை. சேர்த்துவைக்க வேணுமென்றால் நீங்களே எழுதவேணும், எழுத எழுத நீங்களே ஒரு தரகரைக் கட்டிக்கொண்டிருப்பீங்க. எத்தனையோ கம்பனிகள் இதனால்தான் தரகர்களிடமே திரும்பிப் போயின.

மற்றப் பக்கம், 2019 ஏப்ரல் 21. மட்டக்களப்பில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த காலை. ஊர் முழுக்க ‘நீ எங்க நிக்கிறாய்’ என்று தேடிக்கொண்டிருந்த நாளிலேயே ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. ஏப்ரல் 30 வரைக்கும். பொய்ச்செய்தி பரவி இன்னொரு வன்முறை வரக்கூடாது என்பது அரசு சொன்ன காரணம். அதில் நியாயமே இல்லை என்றும் சொல்லமுடியாது. ஆனால் நடு ஆளைப் பிடித்தால் எல்லாரையும் ஒரே கையால் பிடிக்கலாம் என்பதை எங்கட வயதுக்காரர் பாடமாகப் படித்தது அன்றைக்குத்தான். என்என்ஜி மாதிரி லைப்ரரி இதற்கு மருந்து என்று நினைத்துவிடாதீங்க. இரண்டு போனுக்கும் நடுவில் உள்ள கோபுரமும் கேபிளும் வேறு யாருடையதோதான். தரகர் ஒரு தட்டில் இல்லாவிட்டால் கீழ்த்தட்டில் இருப்பார்.

ஒரு சின்ன விசயம் மிச்சம். கணினியில் செய்தி வந்து இறங்குகிற இலக்கமிட்ட வாசலுக்கு ஆங்கிலத்தில் துறைமுகம் என்று பொருள்படும் சொல். தமிழ்க் கணினிச் சொற்பட்டியலில் அதற்குத் ‘துறை’ என்று போட்டிருக்கிறார்கள். அம்பிளாந்துறைக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. சொக்கெட்டுக்கு ‘பொருத்துவாய்’ என்று இருக்கிறது, அது எனக்கு ஒட்டவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்தவர், கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை வகித்தவர். அவர் இருந்திருந்தால் என்ன வைத்திருப்பாரோ.

செய்துபார்க்க விரும்பினால் இரண்டு பழைய லப்டொப்பும் ஒரு வைஃபையும் போதும். கேள்வி–பதில் வகையில் ஒன்றைக் கேட்கவிட்டு, மற்றதை இன்னும் ஓடவிடாமல் வையுங்க. கேட்டது அப்படியே காத்துக்கொண்டு நிற்கும். பிறகு மற்றதை ஓடவிடுங்க, பதில் வரும். அடுத்த தரம் கேள்வி போய்ச் சேர்ந்தபின் பதில் சொல்கிற நிரலை நடுவில் நிற்பாட்டித் திரும்ப ஓடவிடுங்க. நீங்க ஒன்றும் செய்யாமலே அந்தக் கேள்வி இன்னொரு தரம் போகும்.